பிரிச்சுப் போடுறதுக்காகவே கட்டின ஊர்: அல்பெரொபெல்லோ

நான் எழுதுற எந்தக் கோடா இருந்தாலும், சிக்கல் வந்தா உடனே பழைய நிலைக்குத் திருப்ப வழி இருக்கணும். அது எங்க டீமோட விதி. ஒரு ஊரையே அப்படிக் கட்டச் சொன்னா? இன்னைக்குக் கதை அதுதான்.

இத்தாலி வரைபடம் ஒரு பூட்ஸ் மாதிரி இருக்கும்ல? அதோட குதிகால் பக்கம் பூலியா. அங்க ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் இருக்கு அல்பெரொபெல்லோ. பெய்யற மழையைப் பாறை உறிஞ்சிடும், அதனால தண்ணிக்குப் பஞ்சம். கல்லுக்கு மட்டும் பஞ்சமே இல்ல. சாந்து இல்லாம அந்தக் கல்லை அடுக்கிக் கட்டின வீடுதான் த்ரூல்லோ. வெள்ளைச் சுவர், மேல சாம்பல் நிறக் கூம்புக் கூரை. கூரையில விழற மழைத்தண்ணி நிலத்தடித் தொட்டிக்குப் போயிடும்.

சரி, ஏன் சாந்து இல்ல? 17-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி நேப்பிள்ஸ் அரசின் கீழ் இருந்தது. ஒரு பிரபு புதுசா ஊர் உண்டாக்கணும்னா, அரசு அனுமதி வாங்கணும், வரி கட்டணும். கொன்வெர்சானோ பிரபுக்கள் காட்டைத் திருத்த விவசாயிகளைக் குடியேற்றினாங்க. ஆனா வரி கட்ட மனசில்ல. அதனால, சாந்து போடவே கூடாதுன்னு உத்தரவு. அதிகாரி வர்றார்னு தெரிஞ்சா வீட்டைப் பிரிச்சுடலாம். கற்குவியலுக்கு யார் வரி போடுவா?

முதல்ல படிச்சப்போ, ‘செம ஐடியா’ன்னு சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சது. மிச்சமாகிற காசு பிரபுவுக்கு, பறிபோற கூரை விவசாயிக்கு. தலைமுறை தலைமுறையா வாழ்ந்தும், அரசுக் கணக்குல அவங்களுக்கு ஊரே கிடையாது.

கடைசியில் ஊர்க்காரங்க சிலர் அரசர் நான்காம் ஃபெர்டினாண்டிடம் முறையிட்டாங்க. 1797 மே 27 அன்று ஆணை வந்தது. அல்பெரொபெல்லோ பிரபுவின் பிடியிலிருந்து விடுபட்டது. உடனே சாந்து குழைச்சு ஒரு வீடு எழும்பிச்சு. ‘காசா தமோரே’, அதாவது தமோரேங்கிறவரோட வீடு. அது இன்னமும் நிக்குது.

1996-ல் த்ரூல்லி வீடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரிச்சுப் போடணும்னு கட்டின ஊரை இன்னைக்கு உலகமே பத்திரமாப் பாத்துக்குது!

அங்க போனா எல்லாரும் கூம்புக் கூரையைத்தான் படம் எடுப்பாங்க. நீங்களும் எடுங்க. அப்படியே அந்தச் சாதாரண வீட்டு முன்னாடியும் ஒரு நிமிஷம் நில்லுங்க. ‘இது என் வீடு, இனி யாரும் பிரிக்க முடியாது’ன்னு அந்த ஊர் சொன்னது அங்கதான்.