பிப்பின் பணம்: யாருடைய நிலம்?

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை பி.ஏ. தமிழ் படித்தபோது ஆங்கிலத் தாளில் ‘நான்-டீடெயில்’ ஆகப் படித்தேன். சுருக்கிய பிரதி, அதற்கும் ஒரு நோட்ஸ். கச்சிராயபாளையத்திலிருந்து போனவனுக்கு நோட்ஸ்தான் நாவல். பணத்தால் மனிதன் உயர்வதில்லை என்று பிப் உணர்கிறான்: ஐந்து மார்க். மனப்பாடம் பண்ணி எழுதினேன், பாஸானேன், அதோடு சரி.

இலக்கியம் நம் வகுப்பறைக்குள் பாடமாக நுழைந்தது தற்செயலல்ல. ஆக்ஸ்போர்டில் அது தனிப் பட்டப்படிப்பானது 1894இல். அதற்கு வெகுகாலம் முன்பே காலனியில் அது ஆளும் கருவியாகியிருந்ததை கௌரி விஸ்வநாதன் 1989இல் வந்த தம் நூலில் நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5இல் உருவானது. ஒரு மாதம்கூட முடியவில்லை; அக்டோபர் 4இல் டிக்கன்ஸ் ஒரு கடிதம் எழுதுகிறார். தான் இந்தியாவில் படைத்தளபதியாக இருந்தால் கலகம் செய்த இனத்தையே அழித்தொழிக்க முயல்வேன் என்பது அதன் சாரம். அவர் மகன் வால்டர் அந்த ஆண்டுதான் கம்பெனிப் படைக்கு வந்திருந்தான். ஏழைக் குழந்தைகளுக்காகக் கசிந்த பேனாவும் இதை எழுதிய பேனாவும் ஒன்றுதான். மூன்றே ஆண்டில், 1860 டிசம்பரில், இந்த நாவல் தொடராக வரத் தொடங்கியது.

எம்.ஏ. முடித்துப் பல வருஷம் கழித்து முழுப் பிரதியையும் வாசித்தேன். கொல்லன் ஜோ லண்டனுக்குப் பார்க்க வரும்போது பிப் கூசிப்போகிறான். எனக்குப் புத்தகத்தை மூட வேண்டும்போல் இருந்தது. கரும்பு வெட்டி என்னைப் படிக்கவைத்த அண்ணன் ஒருநாள் விடுதி வாசலில் வந்து நின்றார். “யார்ரா அது?” என்றான் கூட்டாளி. “ஊர்க்காரர்டா” என்றேன். அண்ணன் காதில் அது விழுந்தது.

ஆனால் இந்தக் குற்றவுணர்வோடு வாசிப்பை முடித்துக்கொள்வது வசதியானது. பிப்பைக் கனவானாக்கிய பணம் மேக்விட்ச் அனுப்பியது. நாடு கடத்தப்பட்ட கைதி, நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்த்துச் சம்பாதித்தவன். 1993இல் எட்வர்ட் சைத் இந்த ஆஸ்திரேலியாவைப் பேரரசின் வரைபடத்தில் வைத்துக் காட்டினார். மேக்விட்சின் ஆடுகள் மேய்ந்த நிலம் யாருடையது என்பதில் பிரதி மௌனம் காக்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரிக்க 1992இன் மாபோ தீர்ப்பு வரை ஆனது.

இந்த மௌனம் நமக்கும் பழக்கமானதுதான். எங்கள் ஊர்க் கரும்புக்குப் பாயும் கோமுகித் தண்ணீர் கல்வராயன் மலையிலிருந்து இறங்குவது. சர்க்கரை ஆலை உண்டு, அணை உண்டு. மேலே இருக்கிற மலையாளிப் பழங்குடிகள் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தார்கள். சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976இல்தான் அந்த ஆட்சி முடிந்தது. நான் படித்த எந்த வரலாற்றுப் பாடத்திலும் இது இல்லை. அடிவாரத்திலேயே பிறந்தவனுக்கு லண்டன் தெருக்கள் தெரிந்த அளவுக்கு அந்த மலை தெரியாது.

ஆக, டிக்கன்ஸைத் தூக்கி எறிய வேண்டும் என்பதல்ல நம் வாதம். காசு யார் கொடுத்தது என்று நாவல் கேட்கிறது. அந்தக் காசு யார் நிலத்தில் விளைந்தது என்பதை நாம்தான் கேட்டாக வேண்டும். பிப் கடைசியில் ஜோவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறான். நானும் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். “அதை எப்பவோ மறந்துட்டன் போடா” என்றார். மலைக்கு யார் போய்க் கேட்பது?