பெஹ்செத் நோயும் அதைக் கண்டறிந்த மருத்துவரும்

பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்று நூல் எழுதி விளக்கிய அர்-ராஸியின் பெயரை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். முஸ்லிம் உலகின் மருத்துவப் பணி அந்தப் பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. இன்று உலகெங்கும் மருத்துவ நூல்களில் இடம்பெற்றுள்ள ஒரு நோய், 20ஆம் நூற்றாண்டின் துருக்கி மருத்துவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே பேராசிரியர் ஹுலூஸி பெஹ்செத்.

1889ஆம் ஆண்டு இஸ்தான்புல் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இழந்து பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தை அஹ்மத் பெஹ்செத்தின் தொழில் காரணமாகச் சிறு வயதில் சில காலம் டமாஸ்கஸில் வாழ்ந்தார். 1910இல் இராணுவ மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் தோல்நோய்த் துறையில் சிறப்புப் பயிற்சி முடித்தார். முதல் உலகப்போரின்போது இராணுவ மருத்துவமனைகளில் பணியாற்றினார். போர் முடிந்தபின் புடாபெஸ்ட், பெர்லின் நகரங்களில் மேற்பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அதன்பின் அவர் பணிபுரிந்த இடங்களுள் ஒன்று குரபா மருத்துவமனை. சுல்தான் அப்துல் மஜீதின் தாயார், ஏழை எளியோருக்காகவும் ஆதரவற்றோருக்காகவும் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய வக்ஃபு மருத்துவமனை அது.

1924-25ஆம் ஆண்டுகளில் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். வாயில் புண், மறைவிடத்தில் புண், கண்ணில் அழற்சி ஆகியவை பல்லாண்டுகளாக மாறி மாறி அவரை வாட்டின. இஸ்தான்புல்லிலும் வியன்னாவிலும் பல மருத்துவர்கள் பார்த்திருந்தனர். மேகநோய் என்றனர் சிலர். காசநோய் என்றனர் வேறு சிலர். கண்ணில் பலமுறை அறுவை செய்தும் பயனின்றி அவர் பார்வையை இழந்தார். கண் மருத்துவர் கண்ணையும், தோல் மருத்துவர் தோலையும் தனித்தனியே பார்த்தனரேயன்றி, இவையனைத்தும் ஒரே நோயின் கிளைகளாய் இருக்கலாமோ என்று எண்ணவில்லை. பெஹ்செத் எண்ணினார். ஆயினும் அவசரப்பட்டு அறிவிக்கவில்லை.

1930இல் அதே அறிகுறிகளுடன் ஒரு பெண்மணி வந்தார். 1936இல் பல் மருத்துவப் பிரிவிலிருந்து மூன்றாவது நோயாளி வந்தார். இவர்களைத் தொடர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்த பின்னரே, இது தனியொரு நோய் என்று 1937இல் ஜெர்மானிய மருத்துவ இதழொன்றில் அவர் எழுதினார். கண் மருத்துவர்கள் மெல்ல ஏற்றுக்கொண்டனர். அவரது துறையைச் சார்ந்த தோல் மருத்துவர்களோ, இவை ஏற்கெனவே அறிந்த நோய்களின் அறிகுறிகளே என்று நெடுநாள் மறுத்தனர். 1947இல் ஜெனீவாவில் நடந்த மருத்துவ மாநாட்டில்தான் இந்நோய்க்குப் பெஹ்செத்தின் பெயர் சூட்டும் யோசனை முன்வைக்கப்பட்டது. மறு ஆண்டே, 1948 மார்ச் 8ஆம் நாள், மாரடைப்பால் அவர் காலமானார். குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது அவர் தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக ஏற்றிருந்தார். ஆகவே நோயின் பெயரில் தந்தையும் நினைவுகூரப்படுகிறார்.

கிரேக்கக் கண் மருத்துவர் அடமான்டியாடிஸ் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி 1931இலேயே எழுதியிருந்தார். எனவே சிலர் இருவர் பெயரையும் இணைத்தே இந்நோயை அழைக்கின்றனர். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்று பெஹ்செத் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே வரம்பு மீறி இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகிறது என்பதே இன்றைய விளக்கம். நோயாளிகள் சிலருக்கு ஊசி குத்திய இடத்தில் ஓரிரு நாளில் கொப்புளம் எழுவதும் இதன் அடையாளமே. எச்.எல்.ஏ.-பி51 எனும் மரபணு வகையுடன் இந்நோய்க்குத் தொடர்புண்டு. துருக்கி முதல் ஜப்பான் வரை பழைய பட்டுப் பாதை நாடுகளில் இது மிகுதியாகக் காணப்படுவதால் 'பட்டுப் பாதை நோய்' என்றும் பெயர் பெற்றது. காரணம் பற்றிய கருத்து மாறியபோதும், அவர் கண்ணால் கண்டு பதிந்தவை மாறாமல் நிலைத்தன.

இந்நோய் தொற்றுவதன்று; ஒழுக்கக் கேட்டால் வருவதும் அன்று. மறைவிடப் புண்ணைக் கண்டவுடன் மேகநோய் என்று முடிவு கட்டப்பட்ட காலத்தில், குற்றமற்ற நோயாளிகள் உடல் வேதனையோடு வீண்பழியையும் சுமக்க நேர்ந்தது. பெஹ்செத்தின் ஆய்வு அப்பழியைத் துடைத்தது. எதிர்ப்பு ஆற்றலின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளும் பின்னர் வந்தன. கண்ணைக் காப்பதில் அசதயோபிரின் மருந்தின் பயனைத் துருக்கி மருத்துவர்களே 1990இல் ஆய்வு வழி மெய்ப்பித்தனர்.

வாய்ப்புண் பலருக்கும் வருவதே. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அது திரும்பத் திரும்ப வந்து, உடன் மறைவிடப் புண்ணோ கண் சிவப்போ பார்வை மங்கலோ தோன்றினால், கூச்சத்தால் மறைக்காமல் எல்லா அறிகுறிகளையும் ஒரே மருத்துவரிடம் ஒருசேரச் சொல்ல வேண்டும். நோயுற்றவரைப் பற்றி ஆராயாமல் முடிவு கட்டுவது எத்துணைப் பெரிய அநீதி என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.