கட்டுமரமும் கேட்டமரானும்

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடைகள் என்று மேடைகளில் படிக்கப்படும் பட்டியலில் கட்டுமரம் தவறாமல் இடம் பெறுகிறது. வங்கியில் பேரேடு எழுதுகிறவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம்: கொடுத்த பொருள்தானா பெற்றவன் கணக்கில் இருக்கிறது?

1690இல் சென்னைக் கோட்டைக்கு வந்த வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை அதே பெயரால் விவரித்தார். லேசான சில மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்தால் கட்டுமரம். அதற்கு உள் என்று ஒன்று கிடையாது. ஏறும் அலை மர இடுக்குகள் வழியே வடிந்துவிடும். மூழ்கடிக்க எதுவும் இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள். கப்பலின் படகு தாங்காத அலையில், கோட்டைக்கும் கப்பலுக்கும் கடிதம் சுமந்தது இதுதான்.

சொல் கப்பலேறியதும் பொருள் கழன்றுகொண்டது. 1804 அக்டோபரில் பூலோன் துறைமுகத்திலிருந்த நெப்போலியனின் படகுகள் மீது ஆங்கிலேயர் ஏவிய, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் கேட்டமரான் என்றே பெயர். பெரிதாக ஒன்றும் அழியவில்லை. 1811இல் வந்த லண்டன் கொச்சைமொழி அகராதியில் அது வற்றலான கிழவியைக் குறிக்கும் வசைச்சொல். (பட்டியல்காரர்கள் இதைப் படிப்பதில்லை.)

இன்றைய பொருளான இரட்டைப் படகு நம்முடையதே அல்ல. அது பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம். 1769இல் குக் அதைத் தாகித்தியில் பார்த்தார். அதற்கு முன்பே, 1660களில் வில்லியம் பெட்டி டப்ளினில் இரட்டை அடிப்பாகம் கொண்ட கப்பல்களைக் கட்டிப் பார்த்திருந்தார். அவற்றை யாரும் கேட்டமரான் என்னவில்லை. 1876இல் நதானியல் ஹெரஷாஃப் தம் ‘அமரில்லிஸ்’ படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் முந்தினார். மற்றவர்கள் ஆட்சேபிக்கவே பரிசு மறுக்கப்பட்டது. அதன் பிறகுதான் அந்த இனத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டைச் சேர்த்துக் கட்டியது என்பது தவிர வேறு உறவு எனக்குத் தெரியவில்லை.

ஆக, பெயர் நம்முடையது, படகு பாலினேசியருடையது. அவர்கள் பெயரை நம் சொல் விழுங்கிவிட்டது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

மெரினாவுக்கு வடக்கேயும் தெற்கேயும் மீனவக் குப்பங்களில் இப்போது நிற்பவை பெரும்பாலும் எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. அவிழ்த்துக் காயப்போட்ட மரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.