இரண்டு சூரியோதயங்கள், ஒரு கிராமம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரைக்கு நேர்கோட்டில் சுமார் 5,650 கிலோமீட்டர். ஜெட் வேகத்தில் ஏழு மணி நேரச் சொச்சம். பெர்த்தில் வேலை பார்த்துவிட்டு வந்த என் அக்கா மகன் சொன்னான்: 'சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டா வந்துரும் மாமா.' தூரம் இப்படித் தூக்கமாகச் சுருங்கிப்போனதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததும் இங்கிலாந்து - ஆஸ்திரேலியா வான்வழி அறுந்தது. 1943 ஜூனில் குவாண்டாஸ் நிறுவனம், பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்குக் கட்டலினா கடல்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. இடையில் இறங்க இடமில்லை. எரிபொருளே பெரும் பாரமென்பதால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. கூடவே கொஞ்சம் தபால். எதிரி காதில் விழக்கூடாதென்று வானொலி மௌனம், ஆகவே நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் வழி. ஐந்து விமானங்களின் பெயர்களும் நட்சத்திரங்களுடையவையே: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா. ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. கணக்குப் போட்டால் மணிக்கு 176 கிலோமீட்டர். நம்ம ரயிலைவிடக் கொஞ்சம்தான் கூட! ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழாம்' உறுப்பினரென்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். சாகசம்தான், மறுக்கவில்லை.

ஆனால் பயண நேரம் என்பதே கிளம்புகிறவனும் சேர்கிறவனும் சேர்ந்து எழுதும் பிரதி. விமானம் இறங்குகிற மண்ணின் காலம் அதில் பதிவாவதில்லை. கொக்கலவில் அந்த மண் சும்மா கிடக்கவில்லை. பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்துக்காக 1942இல் அங்கே குடியிருந்தவர்களைக் குறுகிய அவகாசத்தில் கிளப்பினார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன. பேரரசின் இரண்டு முனைகளுக்கு இடையிலான தூரத்தைக் குறைக்க, ஒரு கிராமத்துக்கும் அதன் சொந்த வாசல்களுக்கும் இடையே தூரம் உண்டாக்கப்பட்டது. இதை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? இவர்களுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை.

சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்தது இந்தக் கொக்கலவில்தான். கிராமம் புரண்டுபோதல் என்று பொருள்படும் அவருடைய 'கம்பெரலிய' 1944இல் வெளிவந்தது. ஏரியில் கட்டலினாக்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு. நாவல் விமானத் தளத்தைப் பற்றியதல்ல, நிலவுடைமைக் குடும்பமொன்றின் சரிவைப் பற்றியது. இரண்டையும் வலிந்து முடிச்சுப்போட நான் தயாரில்லை. இருந்தாலும் அந்தத் தலைப்பைத் தளத்தின் இரைச்சலுக்கு வெளியே நிறுத்தி வாசிக்க என்னால் முடியவில்லை.

போர் முடிந்ததும், அமெரிக்கா கடன்-குத்தகையில் கொடுத்த விமானங்கள் என்பதால், நிபந்தனைப்படி கட்டலினாக்களைக் கடலில் மூழ்கடித்தார்கள். விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாமல் தப்பியது. இன்று அருங்காட்சியகத்தின் பகுதி.

மருமகனிடம் கொக்கலவைப் பற்றிக் கேட்டேன். 'போயிருக்கேன் மாமா, பீச் பிரமாதம்' என்றான்.