கோயில் வாசலில் நின்ற கூட்டம்

2023 ஜனவரி 30 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் சுமார் 300 பேர் நுழைந்தார்கள். அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில் அது. ஏறக்குறைய 80 ஆண்டுகளாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள், ஆட்சியரும் போலீசும் உடன் வர உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார்கள். ஆதிக்க சாதியினர் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி மாணவத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "அவர்களுக்கும் கருத்துரிமை இருக்கிறதே?" இருக்கிறது. ஆலய நுழைவுச் சட்டம் தவறு என்று மேடை போட்டுப் பேசலாம், மனுக் கொடுக்கலாம். 1947இல் வந்த அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி ஊர்வலமும் போகலாம். நமக்குக் கசந்தாலும் அது பேச்சுதான். ஆனால் உள்ளே போகிறவரை மறிப்பதும், சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும், "நாளை எங்கள் நிலத்தில் வேலை கிடையாது" என்பதும் கருத்தா? முதலாவது தடுப்பு, இரண்டாவது அவமதிப்பு, மூன்றாவது சோற்றில் கை வைப்பது.

மூன்றாவதை நம் வரலாறு நன்றாக அறியும். அண்ணல் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த ஸ்டார்ட் கமிட்டி, 1930இல் பம்பாய் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. உரிமை கேட்ட தீண்டப்படாதோருக்கு எதிராக ஊர் எடுக்கும் ஆயுதம் சமூகப் புறக்கணிப்பு என்றது அந்த அறிக்கை. குத்தகை நிலம் பறிபோகும், கூலி நிற்கும், கடைக்காரர் அரிசி தரமாட்டார். ஒரு கல்லும் எறியப்படாது. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற தம் அறிக்கையில், புறக்கணிப்பையும் அதற்குத் தூண்டுவதையும் மிரட்டுவதையும் குற்றமாக்க வேண்டும் என்று அம்பேத்கர் எழுதினார். அதற்கான வரையறைகளை அவர் எடுத்தது 1922ஆம் ஆண்டு பர்மா புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அது வெள்ளையர் தம்மை எதிர்த்தவர்களை அடக்கப் போட்ட சட்டம். 1932இல் காங்கிரஸ் மறியலை ஒடுக்க வந்த அவசரச் சட்டங்களில் ஒன்றின் பெயரிலேயே 'தொந்தரவு', 'புறக்கணிப்பு' இரண்டும் இருந்தன. தொல்லை என்ற சொல்லை அதிகாரம் போராடுகிறவர்கள் மீதும் வீசும். அம்பேத்கருக்கு இது தெரியாததல்ல. நிலமும் கடையும் கிணறும் ஒரு பக்கம் குவிந்திருக்கும் ஊரில், புறக்கணிப்பு யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்த்தார். கடைக்கு முன் மறியல் செய்யும் ஏழை, கடையை மூடிவிடும் முதலாளி இருவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அரசியல் சட்டம் 19(2) பேச்சுரிமைக்கு நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவுக்கு விதிவிலக்கே இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் தனித்தனிக் குற்றங்களாகச் சேர்ந்தன. அம்பேத்கர் கேட்டு 68 ஆண்டுகள் கழித்து!

இனி நம் பக்கம். அதிகாரியின் அலுவலகம் முன் முழக்கமிடுவது நம் உரிமை. அவர் வீட்டுக்கு இரவில் போய் அவர் பிள்ளைகள் பயப்படக் கத்துவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். ஆதிக்க சாதிப் பெண் ஒருவரை உடலைச் சொல்லி ஏசும் முழக்கம் நம் ஊர்வலத்தில் எழுந்தால், ஒலிபெருக்கியை வாங்கி அணைத்து வையுங்கள்.

புகார் எழுதும்போது, "இழிவாகப் பேசினார்கள்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். யார், எந்த இடத்தில், எந்தச் சொல்லைச் சொன்னார், யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். சாதி அவமதிப்பு 'பொதுப் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது அதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயில் வாசல் பொதுப் பார்வைதான். அங்கே நின்று கேட்டவர்களின் பெயர்களை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.