கூர் விழுந்த கோல்

சேவூரிலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினால், ஸ்னூக்கருக்கு விதி எழுதப்பட்ட ஊர் வந்துவிடும். ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் 1875இல் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் அது. பிறகு சென்னை ராணுவத் தளபதி பிரெடெரிக் ராபர்ட்ஸிடம் பணியில் சேர்ந்த அவர் கோடைக்கு ஊட்டி வந்தார். 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுத்தில் ஏறின. இதெல்லாம் பலரும் சொல்லிவிட்ட கதை. ஆடிய கோலைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

வெளிர் நிற ஆஷ் மரத் தண்டு. கைப்பிடிப் பக்கத்திலிருந்து கருங்காலி நான்கு கூர்களாக மேலேறி அந்த வெளிர் மரத்துக்குள் ஓடியிருக்கும். சிப்பி இல்லை, பூவேலை இல்லை. அந்தக் கருப்புக் கூர்களைப் பார்த்து அழகுக்குச் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அழகுக்குச் செய்ததல்ல, பொருத்து.

ஆஷ் கருங்காலியைவிட எடை குறைந்த மரம். ரேகை நீளமாக ஓடும்; அடி வாங்கினால் வளைந்து நிமிரும். ஆனால் கோலின் பின்பக்கம் கனத்தால்தான் கை நிதானமாக ஓடும். அதற்குக் கருங்காலி வேண்டும். இரண்டு மரத்தையும் குறுக்கே அறுத்து முகத்தோடு முகம் ஒட்டினால் நிற்காது. அறுத்த முகம் பசையைக் குடித்துவிடும், பிடிக்காது. எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே ஆஷ் தண்டின் அடியை ஒரு பக்கம் நீளச் சரிவாகச் சீவி, அதன்மேல் கருங்காலித் துண்டு ஒன்றை ஒட்டி இறுக்குவார்கள். காய்ந்த பிறகு எதிர்ப்பக்கம். அதன் பிறகு மிச்சம் இரண்டு பக்கம். நாலு பக்கமும் கட்டையேறிய அந்தச் சதுரத்தை இழைப்புளியால் உருட்டி இழைக்கும்போது, தட்டையாக ஒட்டிய கருங்காலி வளைவில் சீவுப்பட்டுக் கூராகிறது. யாரும் அந்தக் கூரை வரைவதில்லை. இழைக்க இழைக்கத் தானே வருகிறது.

பொருட்களில் பாதி நம் பக்கத்துக் காடுகளில் விளைந்தவை. நல்ல கருங்காலி இலங்கையில் கிடைத்தது. கைப்பிடிக்கு ஏற்ற இன்னொரு மரமான ஈட்டி, அதாவது தோதகத்தி, மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த மரம். அன்றைய பந்துகள் யானைத் தந்தம்.

அதே கோல் அமெரிக்காவில் வேறு வழி போனது. அங்கே பூல் ஆட்டம். தண்டு மேப்பிள் மரம். ரஷ்யாவில் 1912இல் பிறந்து 1924இல் அமெரிக்கா சேர்ந்த ஜார்ஜ் பலபுஷ்கா மரவேலைக்காரர். 1959இல் கோல் செய்ய ஆரம்பித்தார். தொடக்கத்தில் அவர் எடுத்துக்கொண்டது பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் என்ற சாதாரணக் கோல். அதை இரண்டாக அறுத்துத் திருகு வைத்தார், பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றினார், அடிப்பகுதியில் முத்துச்சிப்பிப் புள்ளிகளும் சின்னச் சின்ன வைர வடிவங்களும் பதித்தார். அவ்வளவுதான் அவருடைய அலங்காரம். 1975இல் இறந்தார். 1986இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த ‘தி கலர் ஆஃப் மணி’ படம் பலபுஷ்காவின் பெயரை உலகத்துக்கே கொண்டுபோனது. படத்தில் காட்டிய கோல் மட்டும் ஜாஸ் என்ற வேறு கம்பெனியுடையது. அவருக்குப் பின் வந்தவர்கள் தந்தம், வெள்ளி, வண்ணக் கற்கள் என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆடுவதற்கல்லாமல் கண்ணாடிப் பெட்டிக்கென்றே கோல்கள் பிறந்தன.

ஸ்டீபன் ஹெண்ட்ரி 1990 முதல் 1999 வரை ஏழு முறை உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றது, சிறு வயதில் கிடைத்த ஒரு மலிவான ரெக்ஸ் வில்லியம்ஸ் கோலைக் கொண்டு. 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அலங்கார வேலை ஆட்டத்துக்கு எதையும் கூட்டுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீணைக்கும் இதே கணக்குதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில், ஒரே பலாக் கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்குத் தனி மதிப்பு உண்டு. குடத்தின் ஓரத்தில் ஓடும் பூவேலை ஒரு காலத்தில் தந்தத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். நாதத்தைத் தருவது பலா. ஆனாலும் அந்தப் பூவேலையை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. அது வேறெதுவாகவும் நடிக்கவில்லை.

தந்தம் சட்டத்தாலேயே போனது. இந்தியாவில் 1986 சட்டத் திருத்தம் உள்நாட்டுத் தந்த வியாபாரத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடுத்தன; உலக அளவில் 1989இல் தடை முடிவானது. 2017 ஜனவரி முதல் ஈட்டி உள்ளிட்ட அந்த இன மரங்கள் எல்லாம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன.

சிப்பிப் புள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது போலிக் கூரை. மலிவான கோல்களில் கூரை வெறும் படமாக அச்சடித்துவிடுகிறார்கள். விலையுயர்ந்த அமெரிக்கக் கோல்கள் சிலவற்றிலோ கணினி இயந்திரத்தால் மேலாகக் குழி வெட்டி, அதில் கூர் வடிவத் துண்டை இறக்குகிறார்கள். மரத்தோடு மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையை அது செய்வதில்லை, செய்வதுபோல் தெரிகிறது.

வாங்குபவர் நுனியைப் பார்த்தால் போதும். ஸ்னூக்கர் கோலில் கையால் ஒட்டிய கூரின் நுனி விரல் நகம்போல் உருண்டிருக்கும், இயந்திர ஒட்டில் ஊசியாக முடியும். அமெரிக்கக் கோலில் இது தலைகீழ். அங்கே ஆழமாகக் கோண வாய்க்கால் வெட்டி ஒட்டியது ஊசியாக ஓடும். சுழலும் வெட்டுமுனையால் கூர்மையான மூலை எடுக்க முடியாததால், மேலே பதித்த கூர், உளியால் திருத்தாவிட்டால், நுனியில் லேசாக மழுங்கியே நிற்கும்.