காதலும் கிலியும்: உளவியல் திகில் கதையில் பெண்ணின் மனம்

1980-இல் வெளியான 'மூடுபனி' படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் கல்யாண வரவேற்பு மேடைகளில் இன்றும் பாடுகிறார்கள். படத்தில் அந்தப் பாட்டு வரும் இடமே வேறு. பெண்களைக் கொன்றுவந்த சந்துரு, கடத்திவந்த ரேகாவை ஊட்டியில் ஒரு வீட்டில் அடைத்துவைத்துவிட்டு, கிதாரை மீட்டியபடி அவளைப் பார்த்துப் பாடுகிறான். இளையராஜாவின் மெட்டிலும் யேசுதாசின் குரலிலும் துளி மிரட்டல் இல்லை. அந்த இனிமையே ரேகாவின் நிலையை இன்னும் கொடிதாக்குகிறது.

ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலைத் தழுவி பாலு மகேந்திரா எடுத்த படம் இது. சந்துருவின் மனம் எப்படிக் கெட்டது, எதற்கு ஏங்குகிறது என்பதையெல்லாம் படம் பொறுமையாகச் சொல்கிறது. ரேகாவின் மனம் அப்படிச் சொல்லப்படவில்லை. தமிழ் உளவியல் திகில் கதைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும். அடங்காத காதலைப் பேசும் வாய் ஆணுடையது. பெண் அதைத் தாங்கிக்கொள்பவள், அல்லது தப்பி ஓடுபவள்.

ஆனால் தமிழில் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. அளவு மீறிய காதலைத் தொல்காப்பியம் பெருந்திணை என்று தனியே பிரித்து வைத்தது. மடலேறுவது, தேற்றவே முடியாதபடி காமம் மிகுவது, வரம்பு கடந்து வலிய நெருங்குவது ஆகியவை அதில் அடங்கும். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை. இன்றைய திகில் நாவலாசிரியர் கையாளும் மனநிலைகள் அனைத்தும் இந்த இரண்டு தலைப்புகளுக்குள் வந்துவிடும்.

அந்த மிகுதியைத் தன் சொந்தக் குரலில் பாடியவர் இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களைத் திகில் இலக்கியம் என்று யாரும் சொல்லப்போவதில்லை; அது பக்திப் பனுவல். ஆனால் காதல்கொண்ட ஒரு மனத்தை உள்ளிருந்தபடியே எழுதுவது எப்படி என்று படிக்க அதைவிடத் துல்லியமான பாடநூல் கிடைப்பது அரிது. முதல் பத்தில் திருமாலோடு தன்னைச் சேர்க்கும்படி மன்மதனிடம் நோன்பிருந்து கேட்கிறாள். பிறகு குயிலை ஏவுகிறாள். ஆறாம் பத்தில் தன் கல்யாணத்தைச் சடங்கு சடங்காகக் கனவு கண்டு தோழியிடம் சொல்கிறாள். அடுத்த பத்திலேயே அவன் சங்கின் மேல் பொறாமை. மேகங்களைத் தூது விடுகிறாள். பதின்மூன்றாம் பத்தில் வேண்டுதல் கடுஞ்சினமாக மாறி, தன் உடலையே பிய்த்து அவன் மார்பில் எறியத் துணிகிறாள். கெஞ்சல், கட்டளை, கனவு, ஆத்திரம் என்று ஒரே மனம் இத்தனை நிலைகளில் மாறுவதைக் கேட்பவர் வெளியே நின்று பார்ப்பதில்லை. அவளோடு கூடவே போகிறார்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல் வந்தபோது இந்தக் குரல் காணாமல் போயிற்று. 1908-இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' நாவலில் காதலன் மீது கொலைப்பழி விழுகிறது, துப்பறியும் கோவிந்தன் முடிச்சை அவிழ்க்கிறார், காதலர்கள் சேர்கிறார்கள். காதல் அங்கே கடைசியில் கிடைக்கும் பரிசு.

காதலையே விசாரணைக் கருவியாக்கிய படைப்பு 1964-இல் வந்தது. தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை'யின் மூலம் 'சேஷ் அங்கா' என்ற வங்கப் படம். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபாலும் லதாவும் காதலிக்கிறார்கள். கோபாலின் இறந்துபோன மனைவி சித்ரா திடீரென்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அவள் சித்ரா அல்ல என்று கோபால் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. கடைசியில், தான் அறைந்ததில்தான் சித்ரா இறந்தாள், உடலை ரயில் தண்டவாளத்தில் போட்டவனும் தானே என்று ஒப்புக்கொள்கிறான். அந்த நொடியில்தான், லதா காவல் துறையைச் சேர்ந்தவள் என்பது தெரிகிறது. அதுவரை பார்த்த ஒவ்வொரு காதல் காட்சியையும் மனம் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது: எது நடிப்பு, எது உண்மை?

உண்மையிலேயே அவனைக் காதலித்துவிட்டதாக லதா சொல்கிறாள். கடமைக்காகப் பழகிய குற்றவாளியிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பெண்! அந்தப் படத்தின் மிக ஆழமான உளவியல் நாடகம் அவளுக்குள்தான் நடந்திருக்கிறது. அதற்குக் கிடைத்ததோ இறுதிக் காட்சியின் சில வசனங்கள் மட்டுமே. இங்கிலாந்தில் 1938-லேயே டாப்னி டு மோரியர் 'ரெபெக்கா' நாவல் முழுவதையும் மிரண்டுபோன ஓர் இளம் மனைவியின் வாயால் சொல்ல வைத்துவிட்டார். லதாவுக்கு அப்படி ஒரு நாவல் வாய்க்கவில்லை என்பது தமிழுக்கு இழப்பு.

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) முடியும்போதும், புத்தி பேதலித்துச் சிறையில் கிடக்கும் கொலைகாரன் திலீப்பின் மனத்தில் சாரதா மட்டுமே மிஞ்சியிருக்கிறாள். தான் மணந்தவன் யாரென்று கண்டறிந்த சாரதாவுக்குள் என்ன மிஞ்சியது என்று கதை கேட்பதில்லை. 1991-இன் 'குணா'வில், கடத்திவந்த பெண்ணை ஒருவன் அபிராமி என்றே நம்புகிறான். மானிடரை மறுத்துத் தெய்வத்தை வரித்தாள் ஆண்டாள். இவன் மானிடப் பெண்ணையே தெய்வமாக்கி, அவள் சம்மதத்தைக் கேட்க மறந்துவிடுகிறான்.

மாத நாவல்கள் காதலைப் பத்திரமான இடத்தில் வைத்தன. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய ஜோடிகளின் சீண்டலும் சிரிப்பும் துப்பறிபவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டன. கொலைகாரரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அழுத்தமான காதல் வேண்டியவர்கள் ரமணிசந்திரனை வாங்கினார்கள். பெட்டிக்கடைக் கயிற்றில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினாலும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கவில்லை. சினிமாவுக்கு அந்தப் பிரிவினை கட்டுப்படியாகாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் சிவகாசியில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி வளர்ந்த அச்சகங்கள் சினிமா போஸ்டர்களையும் அடித்து ஊர் ஊராக அனுப்பின. காதலுக்காக வருபவரையும் கிலிக்காக வருபவரையும் ஒரே போஸ்டர்தான் அழைத்தாக வேண்டும்.

பெண்ணின் குரல் மீண்டும் கேட்டது 1993-இல், மலையாளத்தில். பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் கங்கா, அன்பான கணவனோடு அவனுடைய பழைய தறவாட்டுக்கு, அதாவது பூர்வீக வீட்டுக்கு, வருகிறாள். தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரியின் கதை அவளைப் பற்றிக்கொள்கிறது. நாகவல்லி காதலித்தது எதிர்வீட்டு நடனக்காரன் ராமநாதனை; அவளைக் கொன்றவர் அந்த வீட்டுத் தலைவரான காரணவர். நாகவல்லியாக மாறும்போது கங்கா பேசுவது தமிழ். அந்த வேடத்துக்காக ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. 2005-இல் அதே கதை தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தபோது, ஜோதிகாவின் கங்கா தெலுங்கில் சீறினாள். இரு படங்களிலும் கணவனிடம் கங்கா வீட்டு மொழியில்தான் பேசுகிறாள். காதலையும் ஆத்திரத்தையும் மறைக்காமல் கொட்டுவதற்கு இன்னொருத்தியின் பெயரும் இன்னொரு மொழியும் அவளுக்குத் தேவைப்படுகின்றன.